நன்றாக ஓடும் கருவிகளின் எதிரி

ஓடாத கருவியை ஓட வைப்பவரை மெக்கானிக் என்கிறோம். நன்றாக ஓடும் கருவியை எடுத்து, அதன் உயிரை உருவி, வேறோர் உயிரைச் செலுத்திவிட்டு, "இப்பப் பாருங்க!" என்று பெருமையோடு நம் முகத்தைப் பார்ப்பவருக்குத் தமிழில் இன்னும் பெயர் வைக்கவில்லை. இயங்குதளம் மாற்றி என்று வைத்துக்கொள்வோம். கருவியோடு கடையிலிருந்து வந்த இயங்குதளம் இந்த இனத்துக்கு ஆகவே ஆகாது. முகம் தெரியாத பன்னிரண்டு பேர் ஓய்வு நேரத்தில் எழுதியதாக இருக்க வேண்டும்; அதில் ஒலி வரக் கூடாது, வந்தால் நிற்கக் கூடாது. இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்கிறீர்களா? தினமும் பல் தேய்க்கும்போது இந்த இனத்தில் ஒருவரைக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

எங்கள் கூடத்து அலமாரியில் ஒரு டிஜிட்டல் படச்சட்டம் இருக்கிறது. முன்பு அதில் எங்கள் கல்யாணப் படங்கள் வந்துகொண்டிருந்தன. இப்போது அறையின் ஈரப்பதம் வருகிறது. நேற்றைய ஈரப்பதம். வைஃபை பெட்டியில் நான் ஏற்றியிருக்கும் இயங்குதளம் இணையத்தை நாற்பத்திரண்டு விதமாகக் கட்டுப்படுத்தும்; மகளுக்கு ஆன்லைன் வகுப்பு இல்லாத நேரங்களில் இணையத்தையும் தரும்.

சரி, பாடுபட்டு நிறுவிய பிறகு அதில் என்ன செய்வோம்? தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். பின்னணி நிறத்தை மாற்றுவோம். ஒரு படம் பிடித்து, இதே வியாதி உள்ள நண்பர்கள் குழுவுக்கு அனுப்புவோம். அவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதும் அழித்துவிட்டு அடுத்ததை ஏற்றுவோம்.

வியாதி முற்றினால் எமுலேட்டர். அதாவது, இன்றைய கருவியை நாற்பது வருடத்துக்கு முந்தைய கணினி மாதிரி நடிக்க வைப்பது. அந்தக் கணினி கேசட்டிலிருந்து ஒரு நிரலை இழுப்பதற்குள் ஐந்து நிமிடம் முனகியது என்றால், கண் இமைக்கும் நேரத்தில் வேலையை முடிக்கக்கூடிய இன்றைய கருவியும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் முனக வேண்டும்.

"இதை வேகமா ஓட வைக்க பட்டன் இருக்கேப்பா" என்றாள் மகள்.

"இருக்கும்மா. ஆனா அது மரியாதை இல்ல."

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான், பிசியோதெரபிஸ்டான என் மனைவி ஒரு வாக்கியம் சொன்னாள்: "என் டேப்லெட் கொஞ்சம் மெதுவா இருக்குங்க."

எங்கள் இனத்தின் காதில் விழக் கூடாத வாக்கியம் அது.

"பத்து நிமிஷ வேலை" என்றேன். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து இருட்டும்போது எழுந்தேன். புது இயங்குதளம் பிரமாதமாக ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் எமுலேட்டர் மூலம் அந்தப் பழைய கணினியையும் ஏற்றி, கருவியைத் திறந்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும்படியும், மூன்று விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் தானாகவே பழைய கணினிக்குப் போகும்படியும் வைத்தேன். ஏன்? ரசிப்பதற்கு. பிறகு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

"திங்கக்கிழமை இன்டர்வியூ இருக்கு. என் வீடியோ, ஸ்லைடு எல்லாம் இருக்குல்ல?"

"எல்லாம் பத்திரமா இருக்கு."

பத்திரமாகத்தான் இருந்தன. அங்கே போகும் வழி மூன்று விநாடிதான் திறந்திருக்கும் என்பதைத்தான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணி. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணுக்குப் பவர் பார்ப்பவன். சோதனை ஃபிரேமை மாட்டிக்கொண்டு ஒருவர் கடைசி வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

"ஸ்க்ரீன் முழுக்க நீலமா இருக்கு. மூலைல ஒரு கட்டம் கண்ணடிக்குது" என்றாள் மனைவி, பல்லைக் கடித்த குரலில். பன்னிரண்டு வருடம் உழைத்த மருத்துவமனையில் அவள் துறையின் தலைவர் பதவிக்கான இன்டர்வியூ அது. எதிரே மூன்று டாக்டர்கள்.

"பயப்படாத. அணைச்சுட்டு, வால்யூம் பட்டனை அழுத்திக்கிட்டே..."

"மூணு பேர் என்னையே பாக்கறாங்க!"

"அப்ப ரன்னு மட்டும் அடிச்சுப் பாரு."

அந்தப் பழைய கணினியில் நிரலை ஓடவிடும் கட்டளை அது. எதற்கு அப்படிச் சொன்னேன்? எனக்கே தெரியாது. ஏதாவது சொல்லவேண்டியிருந்தது. அடித்தாள். கீச் என்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. தொடர்பு அறுந்தது.

நான் திரும்ப அழைக்கவில்லை. தைரியம் இல்லை. சாயங்காலம் வரை யாருக்கும் பவர் பார்க்கவில்லை. துடைத்த லென்சையே துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பதவிக்காக இரண்டு மாதமாக அந்த ஸ்லைடுகளைச் செதுக்கியதும், நான் ஒரே ஒரு அமைப்பை மாற்றச் சோம்பல்பட்டதும் மாறி மாறி நினைவுக்கு வந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள். திரையில் ஓடியது, பழைய கணினிப் பத்திரிகையில் அச்சிட்டிருந்த நிரலைப் பார்த்து நான் எழுத்தெழுத்தாக அடித்து வைத்திருந்த விளையாட்டு. முப்பது புள்ளிகளால் ஆன ஒரு மனிதன் பள்ளங்களைத் தாண்டித் தாண்டிக் குதிப்பான். டாக்டர்கள் குனிந்து பார்த்தார்களாம். அவள் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, "இவரைக் கவனிங்க. முழங்காலை மடக்காமலே குதிக்கிறார், மடக்காமலே இறங்கறார். இப்படி நூறு தடவை இறங்கினா மூட்டு என்ன ஆகும்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தவள், ஸ்லைடே இல்லாமல் அரைமணி நேரம் பேசியிருக்கிறாள். நடுவில் எழுந்து நின்று குதித்தும் காட்டியிருக்கிறாள். மூத்த டாக்டர் சிரித்துக்கொண்டே தன் முழங்காலைக் காட்டி யோசனை கேட்டாராம்.

"கிடைச்சிருச்சு" என்றாள்.

வெட்கப்பட்டுத் தலைகுனிய வேண்டிய நேரம். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"பாத்தியா? நான் மட்டும் அதை ஏத்தலைன்னா..."

அவள் கத்தவில்லை. டேப்லெட்டை என் மடியில் வைத்தாள். "எனக்குக் கிடைச்சது நான் படிச்ச படிப்பால. நீங்க செஞ்சது மூணு பேர் முன்னாடி என்னை முழிக்க வச்சது மட்டும்தான். இனிமே என் பொருள் மெதுவா இருந்தா, மெதுவாவே இருக்கட்டும்."

"தப்புதான்" என்றேன். கடையிலிருந்து வந்த இயங்குதளத்தையே திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். உண்மையிலேயே பத்து நிமிஷம்தான் ஆனது. என்னை மிகவும் புண்படுத்தியது அதுதான்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். பொறுப்பானவர். ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: கைபேசியின் அமைப்புகளுக்குள் போய், அங்கே எழுதியிருக்கும் ஒரு எண்ணை ஏழு தடவை தட்டினால் எங்கள் இனத்துக்கான அமைப்புகளின் ரகசியக் கதவு திறக்கும். எந்த எண் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் விரல் எங்கே போகிறது?