ஓலெட்டாவின் துப்பாக்கிக்கு நியாயமான விலை

"நானூறு டாலரா! ரொம்ப ஜாஸ்திங்க, டென்ஸில்" என்று பணம் வைத்த உறையைத் திருப்பித் தள்ளினார் ஓலெட்டா.

டென்ஸில் கூம்ஸ் விழித்தார். வாங்க வந்தவன் அதிகம் தருகிறேன் என்கிறான், விற்கிறவர் வேண்டாம் என்கிறார். அறுபத்தாறு வயதுக்கு இப்படி ஒரு வியாபாரத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

சாப்பாட்டு மேஜையின் நடுவில், பூப்போட்ட துண்டின் மேல், அந்தக் கைத்துப்பாக்கி கிடந்தது. கோட்டுப் பைக்குள் போட்டால் இருப்பதே தெரியாது, அவ்வளவு சின்னது. ஐந்து குண்டு போடலாம். இரண்டு அங்குலக் குழல், வால்நட் மரக் கைப்பிடி. மூன்று வருடத்துக்கு முன் காலமான தன் கணவர் கிளெட்டஸ் இருபது வருடமாக வைத்திருந்தது என்று ஓலெட்டா சொல்லியிருந்தார். அதற்குப் பக்கத்திலேயே பீன்ஸ் சூப்பும் சுடச்சுட சோளரொட்டியும் இருந்தன.

"சரி, அப்போ முந்நூறு?"

ஓலெட்டாவின் முகம் வாடிப்போயிற்று. "முந்நூறா? அவர் உயிரோட இருந்து இதைக் கேட்டிருந்தார்னா..."

"ஐயோ, இல்லயில்ல! நானூறாவே வச்சுக்கங்க, மிஸ் ஓலெட்டா!" அந்தப் பக்கத்தில் கணவனை இழந்தவரையும் மரியாதையாக "மிஸ்" என்றுதான் அழைப்பார்கள்.

"அது ஜாஸ்தின்னு இப்பத்தானே சொன்னேன்."

"முந்நூத்தி ஐம்பது?"

"அது ரெண்டுங்கெட்டானா இருக்கு." ஓலெட்டா சூப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "ஆறிப்போகுது, சாப்பிடுங்க. விவரம் தெரிஞ்ச யார்கிட்டயாவது விசாரிச்சுட்டு வர்ற வியாழக்கிழமை வாங்க. எனக்கு நியாயமான விலை வேணும். அதுக்கு மேல ஒரு டாலரும் வேண்டாம், கீழ ஒரு டாலரும் வேண்டாம்."

இது மூன்றாவது வியாழக்கிழமை.

உண்மையைச் சொன்னால் டென்ஸிலுக்குத் துப்பாக்கியே தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே ஆறு இருக்கின்றன. சில வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஓலெட்டா, "கிளெட்டஸோட துப்பாக்கி ஒண்ணு வீட்ல சும்மா கிடக்கு, தனியா இருக்கிறவளுக்கு அது எதுக்கு, நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டால் டென்ஸில் ஒரு பீரங்கியைக்கூட எடுத்துக்கொண்டிருப்பார். சரி என்று தலையாட்டிவிட்டார்.

ஆட்டிய தலைக்குள் பிறகுதான் பயம் புகுந்தது. அமெரிக்காவின் கென்டக்கியில் அவர்கள் இருந்த பள்ளத்தாக்கு முழுக்கச் சுரங்கக்காரர்கள். நிலக்கரி லாரிகளுக்கு எடை போடும் மேடையில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவர் டென்ஸில். ஒரு லாரிக்கும் ஒரு பவுண்டு கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அந்தப் பெயரைத் தவிர அவரிடம் வேறு சொத்தும் கிடையாது. அதே ஊரில் வெர்ஜில் என்று ஒருவர் இருந்தார். கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் பாதி விலைக்கு டிராக்டர் வாங்கினார். நடந்து முப்பத்தைந்து வருடமாயிற்று, டிராக்டர் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகிவிட்டது, இன்னும் அவருக்கு "டிராக்டர் வெர்ஜில்" என்றுதான் பெயர். அவருடைய பேரனைக்கூட "டிராக்டர் வீட்டுப் பையன்" என்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை தேவாலயத்தில் அறுவடை விருந்து. அதற்கு ஓலெட்டாவை ஜோடியாக அழைத்துப்போய், எல்லார் முன்னாலும் ஒரே மேஜையில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று டென்ஸிலுக்கு ஆசை. மனைவி போய் ஆறு வருடத்தில் அவர் எதற்குமே இப்படி ஆசைப்பட்டதில்லை. ஆனால் பேரம் நடந்துகொண்டிருக்கும்போது எப்படிக் கேட்பது? தள்ளுபடிக்காகக் குழைகிறான் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டால்? முதலில் விலை முடிய வேண்டும், பிறகுதான் விருந்து. அந்த விஷயத்தில் மனுஷன் பிடித்த பிடி.

விசாரிக்கச் சொன்னாரே என்று துப்பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மைத்துனன் வெண்டலிடம் போனார். வெண்டலுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. இது வெண்டலே சொன்னது.

"பொருள் நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றான் வெண்டல், துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "ஆனா பாரு, கறுத்துப்போய்க் கிடக்கு. மினுமினுன்னு இருந்தா நானூறுன்னு எவனும் கண்ணை மூடிட்டுக் குடுப்பான்."

டென்ஸிலுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பளபளப்பாக்கிவிட்டால் நானூறு நியாயமாகிவிடும்! ஓலெட்டாவும் மறுக்க முடியாது. வீட்டுக்குப் போனார். பித்தளை தேய்க்கும் பாலிஷும் பழைய பனியனும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்கத் தேய்த்தார். மாலையில் துப்பாக்கி புதுக் கரண்டி மாதிரி மின்னியது. சந்தோஷம் தாங்காமல் வெண்டலைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வெண்டல் தலையில் கை வைத்துக்கொண்டான். "அடப்பாவி மனுஷா! என்ன காரியம் பண்ணின?"

"நீதானேடா மினுமினுன்னு இருக்கணும்னே!"

"எண்ணெய் போட்டுத் துணியால துடைன்னு அர்த்தம்! அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல மச்சான், அதுதான் கம்பெனி போட்ட பூச்சு! பழைய துப்பாக்கில அந்தப் பூச்சுக்குத்தான் விலையே. நூறு டாலரைத் தேய்ச்சுப் பனியன்ல துடைச்சுட்டியே!"

டென்ஸில் பனியனைப் பார்த்தார். நூறு டாலர் அதில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

நாலாவது வியாழக்கிழமை, கோழிக்கறியும் மாவு உருண்டையும் ஆவி பறக்க முன்னால் இருந்தன. டென்ஸில் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓலெட்டா துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அழுகையை அடக்குகிறார் என்று நினைத்து டென்ஸில் துடித்துப்போனார்.

"இதுல நான் ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டேன்" என்றார் அவசரமாக. "தேய்க்கறதுக்கு முன்னாடி இருந்த விலையேதான்."

"இது என்ன நியாயம்? இப்போ இருக்கிற பொருளுக்குத்தானே விலை?"

"கெடுத்தது நான்தானே?"

"என் நல்லதுக்குத்தானே தேய்ச்சீங்க? அப்போ நஷ்டம் எனக்குத்தான்."

"அது எப்படிங்க!"

"அதுதான் எனக்கும் புரியல" என்று ஓலெட்டா பெருமூச்சு விட்டார். "முன்னெல்லாம் ஒரு விலைதான் தெரியாம இருந்துது. இப்போ தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு விலை, தேய்ச்சதுக்கு அப்புறம் ஒரு விலைன்னு ரெண்டாப் போச்சு. அவசரப்படாம யோசிங்க. இன்னொரு உருண்டை போடட்டுமா?"

போட்டார். டென்ஸில் சாப்பிட்டார். விருந்தைப் பற்றிய கேள்வி தொண்டை வரை வந்து, உருண்டையோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை பொருட்காட்சி மைதானத்தில் துப்பாக்கிச் சந்தை. டென்ஸில் ஐந்து மேஜைகளில் காட்டினார். ஐந்து மேஜைகளிலும் ஐந்து விலை. ஒருவர் இருநூற்றைம்பது என்றார். ஒருவர் துப்பாக்கியைப் பார்க்காமல் டென்ஸிலின் மேல்சட்டையைப் பார்த்து நூற்றி எண்பது என்றார். கடைசி மேஜையில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "இதோட பழைய கம்பெனி அட்டைப்பெட்டி இருந்தா, தேய்ச்சிருந்தாலும் பரவாயில்ல, நானூறு போகும்."

"பெட்டி எங்க கிடைக்கும்?"

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. எழுபத்தஞ்சு டாலர்."

வெறும் அட்டைப்பெட்டிக்கு எழுபத்தைந்து! டென்ஸில் பேரமே பேசாமல் எடுத்துக் கொடுத்தார். நூறு டாலர் கெடுத்த மனுஷன் எழுபத்தைந்து போட்டுச் சரிக்கட்டுவதுதானே நியாயம்?

ஐந்தாவது வியாழக்கிழமை. ஆப்பிள் அடைத்த அடுக்குக் கேக். ஓலெட்டா பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"பெட்டி அழகா இருக்கு. ஆனா இது உங்களோடது. துப்பாக்கி என்னோடது. சேர்த்தாத்தான் நானூறுன்னா, அதுல எனக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு?"

"எல்லாம் உங்களுக்குத்தான்."

"அப்போ முதல்ல பெட்டியை நான் உங்ககிட்ட விலைக்கு வாங்கணும். அதுக்கு என்ன நியாயமான விலை?"

டென்ஸில் கேக்கைப் பிட்டுக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தார். எடை மேடையில் எத்தனை ஆயிரம் லாரிகளைப் பார்த்தவர்! எந்த லாரியும் அவரை இப்படித் திணற அடித்ததில்லை. போதாக்குறைக்கு, பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டை அப்போதுதான் கவனித்தார். அது நாலு அங்குலக் குழல் துப்பாக்கியின் பெட்டி.

"சின்னப் பிள்ளைக்கு அப்பன் சட்டையைப் போட்ட மாதிரி இருக்கே" என்று ஓலெட்டா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க இன்னும் நாலு பெட்டி வாங்கலாம் என்று டென்ஸிலுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வண்டியோட்டிப் போகும்போதோ, அழுகைதான் வந்தது. விருந்துக்கு ஒன்பதே நாள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை போதகரின் மனைவி அவரை வாசலிலேயே மடக்கினார்.

"என்ன டென்ஸில், ஒரு மாசத்துக்கு மேல பேரம் பேசறீங்களாமே? பாவம், தனியா இருக்கிற பொம்பளை. வாராவாரம் உங்களுக்குச் சமைச்சுப் போட்டே ஓஞ்சு போறா. எவ்வளவுதான் அடிச்சுக் குறைக்கப் பார்க்கறீங்க?"

"நானா? குறைக்கவா?"

"ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசறாங்க. வெர்ஜில்கூட நேத்து கேட்டார்."

டிராக்டர் வெர்ஜிலே கேட்டாரா! டென்ஸிலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெர்ஜில் அன்றைக்கு மிகவும் சந்தோஷமாக இருந்ததாகவும் சொன்னார்கள். பட்டப்பெயரைக் கைமாற்றிவிட ஆள் கிடைத்துவிட்டான் அல்லவா?

இனி இழுத்தால் மானம் போய்விடும். பக்கத்து மாவட்டத்தில், நாற்பது மைல் தள்ளி, ஸ்பர்ஜன் என்பவரின் துப்பாக்கிக் கடை இருக்கிறது. அங்கே யாருக்கும் டென்ஸிலையும் தெரியாது, ஓலெட்டாவையும் தெரியாது. அவர் ஒரு தாளில் விலை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதுவே தீர்ப்பு. ஒரு டாலர் கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. ஆறாவது வியாழக்கிழமை காலையிலேயே டென்ஸில் முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, துப்பாக்கியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். பகலில் தீர்ப்பு, சாயங்காலம் பணம், அதன் பிறகு அந்தக் கேள்வி. வழியெல்லாம் அந்தக் கேள்வியைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டே போனார்.

ஸ்பர்ஜன் பெரிய தொப்பைக்காரர். மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கித் துப்பாக்கியைப் பார்த்தார்.

"எந்தப் புண்ணியவான் இதைத் தேய்ச்சான்?"

"அது வந்து... ஒருத்தன்" என்றார் டென்ஸில். "நியாயமான விலை எவ்வளவுன்னு நீங்க ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும். எங்க ஊர் அம்மா ஒருத்தரோடது. அவங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா வச்சிருந்த துப்பாக்கி."

"இருபது வருஷமா?" ஸ்பர்ஜன் அடியில் பொறித்திருந்த எண்ணை ஒருமுறை படித்தார், இன்னொரு முறை படித்தார். பிறகு கவுண்டருக்கு அடியிலிருந்து விற்பனைப் பதிவேட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். "வீட்டுக்காரர் எப்போ தவறினார்?"

"மூணு வருஷம் ஆச்சு."

"இந்த வருஷம் ஆகஸ்ட் பதினாலாம் தேதி வரைக்கும் இது இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதாங்க இருந்துது. நானேதான் வித்தேன்."

"நம்பரைத் தப்பாப் பார்க்கறீங்க."

"நீங்களே பாருங்க."

டென்ஸில் பார்த்தார். நம்பர் சரியாக இருந்தது. தேதிக்கு நேரே ஓலெட்டாவின் பெயர், ஓலெட்டாவின் விலாசம். அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கிளெட்டஸ் இதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. இருபது வருடக் கதை, அவர் உயிரோடு இருந்து கேட்டிருந்தால் என்ற கதை, எல்லாம் பொய். முப்பத்தோரு வருடம் ஒரு பவுண்டு பொய் சொல்லாத மனுஷனிடம் போய் இப்படியா? ஆறு வாரமாகத் தூக்கம் கெட்டு, நூறு டாலரைத் தேய்த்து, அட்டைப்பெட்டி வாங்கி, ஊர்ப் பேச்சு வாங்கி... அந்த அம்மாள் இவரை ஒரு பொம்மையாக ஆட்டிவைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

"மிஸ் ஓலெட்டா அப்படிப்பட்டவங்க இல்லீங்க" என்றார். "அவங்களுக்குத் துப்பாக்கி எதுக்கு? பாம்பு வந்தாக்கூடத் துடைப்பத்தால விரட்டறவங்க. எதுக்காக இதை வாங்கணும்?"

ஸ்பர்ஜன் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே உட்கார்ந்திருந்தவரின் நல்ல சட்டையையும், மழித்த முகத்தையும், மடியில் மடித்து வைத்திருந்த பூப்போட்ட துண்டையும் ஒரு நிமிடம் பார்த்தார். அவர் முகத்தில் மெல்லச் சிரிப்புப் பரவியது.

"சுடறதுக்கா கேட்டாங்க அந்தம்மா? 'ரொம்ப நேர்மையான மனுஷர் ஒருத்தர் இருக்கார், விலை சொல்லத் தெரியாம ஒரு ரெண்டு மாசமாவது எங்க வீட்டுக்கு வந்து போய்க்கிட்டே இருக்கணும், அப்படி ஒண்ணு இருந்தாக் குடுங்க'ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."