பஸ்ஸில் ஹெல்மெட்டோடு வந்த மனிதர்

நான் யாருக்கும் பயந்து ஒளிந்தவன் இல்லை. ஆனால் தேடி வந்தவர்கள் கையில் சுலபமாக அகப்பட்டவனும் இல்லை. இதில் பாதி என் தப்பு. மீதி என் ஊர்க்காரர்களின் பாசம்.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். அப்புறம் போர்வெல் லாரியோடு மகாராஷ்டிரம் வரை போய்ப் பாறையைத் துளைத்தேன், கேரளாவில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன், பெங்களூரில் டைல்ஸ் ஒட்டினேன். ஒரே இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். சில நாள் சோறு கிடைக்காது, சில நாள் கூலி கிடைக்காது. அதையெல்லாம் அந்தந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இந்த வீட்டுக் கடன் கதையை மட்டும் எங்கேயும் விட்டுவிட்டு வர முடியவில்லை. அது வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டது.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறுகிற ரோட்டோரம் எங்கள் ஊர். அங்கே எனக்கு இரண்டு சென்ட் நிலம். அதில் நானே கல் சுமந்து, நானே கலவை போட்டு, லிண்டல் மட்டம் வரை சுவரை எழுப்பிவிட்டேன். அதோடு கை காலியாகிவிட்டது. தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய். என் மனைவி செல்விக்கு அப்போது ஆறாம் மாதம்.

"யோவ், எம் புள்ள தார்ப்பாய்க்குக் கீழ பொறக்காது. ஐப்பசி மழைக்குள்ள மேல தளம் போடு. இல்லன்னா நான் மலைக்கு, எங்க நைனா வூட்டுக்குப் போய்டுவேன். போனா புள்ள நடக்கற வரைக்கும் வரமாட்டேன்" என்றாள்.

செல்வி பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. (பிளஸ் டூ படித்தவள். பஜ்ஜி மடித்த பேப்பரைக்கூடக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் எறிவாள்.) அதனால் வீட்டுக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியில் மனு போட்டேன். சம்பளச் சீட்டு கேட்டார்கள். டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு ஏது சீட்டு? தரையில் தேய்ந்து காய்த்துப்போன முட்டியைக் காட்டினேன். அங்கிருந்த மேடம் சிரித்துவிட்டு, "எங்க ஆபீசர் நேர்ல வருவார். அக்கம்பக்கத்துல விசாரிப்பார். நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

இவ்வளவுதானே என்று நினைத்தேன். நான் அங்கேதான் இருக்கிறேன். இது ஊருக்கே தெரியும்.

எங்கள் ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. தோளில் பையும் கையில் ஃபைலுமாக வெளியாள் யாராவது ஒரு பெயரைச் சொல்லி விசாரித்தால், அவர் கடன் வசூலிக்க வந்தவர். அந்தப் பெயரில் ஊரில் யாரும் கிடையாது. எவரும் எவருக்கும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. பங்காளிச் சண்டையில் பத்து வருடமாகப் பேசாதவர்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒருவரையொருவர் காட்டிக் கொடுத்ததில்லை.

ஆபீசர் வந்தார். முதலில் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் கோவிந்தம்மா அக்காவிடம் விசாரித்தார்.

"ஏழுமலையா? எந்த ஏழுமலை? இந்த ஊர்ல நாலு ஏழுமலை கீறாங்க. நாலு பேரும் ஊர்ல இல்ல."

"டைல்ஸ் வேலை செய்யறவரு."

"அவனா? அவன் கேரளா பக்கம் போய் ஒரு வருசம் ஆவுது. இனிமே வரமாட்டான் சார். அங்கியே ஒண்ணு சேத்துக்கினு குடும்பமாயிட்டான்."

டீ குடித்துக்கொண்டிருந்த மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் எனக்குக் கேரளாவில் இரண்டு குழந்தைகள் என்றார். அந்த நேரத்தில் நான் நூறடி தள்ளி, என் சுவருக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் காட்டியபடி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். ஆபீசர் எனக்குப் போன்கூடப் போட்டிருக்கிறார். எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் ஏரிக்கரை மேல் ஏற வேண்டும். அவர் வண்டி திரும்பிப் போனதும் கோவிந்தம்மா அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"டேய் ஏழுமல, உன்ன காப்பாத்திட்டேன்டா. இனிமே அவன் இந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்கமாட்டான்!"

விஷயம் தெரிந்ததும் செல்வி அக்காவைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "ஆமா, கேரளாவுல புள்ளைங்க ஆணா, பொண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே ஓடிப்போய் அந்த மேடத்தின் முன் நின்றேன். "ஆள் அந்த முகவரியில் இல்லை" என்று என் ஃபைலில் எழுதியிருந்தது. "மேடம், ஆள் இதோ நிக்கறேன்" என்றேன். அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இன்னொரு தடவ அனுப்பறேன். இந்த வாரத்துலயே வருவாங்க. என்னைக்குன்னு சொல்லமாட்டோம்" என்றார்.

ஊருக்குத் திரும்பி வீடு வீடாகப் போனேன். "வரப்போறவரு துட்டு கேட்டு வரலங்க. எனக்குத் துட்டு குடுக்கறதுக்கு வர்றாரு. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. கையோட இட்டுக்கினு வாங்க" என்று கெஞ்சினேன். கோவிந்தம்மா அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். (என் தலையில்.)

மூன்றாம் நாள் பதினோரு மணி பஸ்ஸில் அவர் இறங்கினார். நல்ல உயரம், பெரிய மீசை, தோளில் பை, கையில் ஹெல்மெட். பஸ்ஸில் வந்த மனிதருக்கு எதற்கு ஹெல்மெட், திரும்பிப் போகும்போது இவர் எதை ஓட்டப் போகிறார் என்று அந்த ஊரில் ஒருவராவது யோசித்திருக்கலாம். நானாவது யோசித்திருக்கலாம். "ஏழுமலை வீடு..." என்று அவர் ஆரம்பித்ததுமே கோவிந்தம்மா அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஹெல்மெட்டை அவர் கையிலிருந்து வாங்கித் தானே சுமந்துகொண்டு, பின்னால் ஏழெட்டுப் பேருடன், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி அவரைக் கூட்டி வந்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று செல்வி தினமும் குழம்பு வைத்துத் தயாராக இருந்தாள். அன்றைக்கு நாட்டுக்கோழி, கூடவே அவள் வீட்டிலிருந்து வந்த சாமைச் சோறு.

"நான் வந்த விஷயம் இன்னான்னா..." என்றார் அவர்.

"விஷயம் எங்க சார் போய்டப் போவுது? முதல்ல கை கழுவுங்க."

அவர் சாப்பிட்டார். நான் விசிறினேன். ஊர் பேசியது. "மாசம் முப்பது நாளும் அவனுக்கு வேல சார்." "அவன் கையில துட்டில்லாம நான் பாத்ததே இல்ல." "நேத்துகூட எனக்கு ஐந்நூறு கைமாத்து குடுத்தான் சார்." (அப்படிச் சொன்னவரிடம் அந்த ஐந்நூறை நான்தான் வாங்கியிருந்தேன்.) நானும் என் பங்குக்கு, "துட்டுக்குக் குறையே இல்ல சார். தவணைன்னு ஒண்ணு வந்தா, தேதிக்கு முந்தின நாளே கட்டிடுவேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம்பா. நான் பயந்துக்கினேதான் வந்தேன். இங்க யாருமே ஆளைக் காட்டமாட்டாங்கன்னு சொன்னாங்க. அந்த வண்டி உன்னோடதா?" என்று சுவரோரம் நின்ற பைக்கைக் காட்டினார்.

"என்னோடதேதான் சார்!" சொத்தைக் கவனித்துவிட்டார் என்று எனக்குள் ஒரே பூரிப்பு. "இந்தாங்க சாவி, ஓட்டித்தான் பாருங்களேன்."

அதற்கு முன் ஒரு பேப்பரை நீட்டினார். "எங்க சார் போடணும்?" என்று கேட்டு, காட்டிய மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். வண்டி அவருக்கு ஸ்டார்ட் ஆகவில்லை. அது யாருக்கும் ஆகாது. சோக்கைப் பாதி இழுத்து, இடது பக்கம் லேசாகச் சாய்த்து உதைக்க வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். ஊர்க்காரர்கள் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கையசைத்துவிட்டுப் போனார். நாங்கள் எல்லோரும் கையசைத்தோம்.

அவர் கொடுத்துவிட்டுப் போன நகலைச் செல்வி படித்துக்கொண்டிருந்தாள். "யோவ், இதுல வூடுன்னு ஒரு எழுத்துகூட இல்ல. வண்டின்னுதான் கீது. மூணு மாசமா தவணை கட்டலயாம். வண்டியை நீயா மனசார ஒப்படைச்சிட்டன்னு எழுதிக் கீது."

அந்த மூன்று மாதத் தவணைதான் செங்கல்லாக மாறிச் சுவரில் நின்றுகொண்டிருந்தது.

நான் ரோட்டை நோக்கி ஓடினேன். ஊர் என் பின்னால் ஓடியது. கோவிந்தம்மா அக்கா கரண்டியோடு ஓடினார். அதற்குள் அந்த மனிதர் திருப்பத்தில் மறைந்துவிட்டார். அவ்வளவுதான், வண்டியும் போச்சு, தளமும் போச்சு, இனிமேல் நிஜ ஆபீசர் வந்தாலும் இந்த ஊர் அவரைக் கல்லால் அடிக்கும் என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐப்பசிக்கு இருபது நாள்தான் இருந்தது. செல்வி மலைக்குப் போகத் துணி மடிக்கிற காட்சி கண்ணுக்குள் ஓடியது.

பத்து நிமிடம் கழித்துத் திருப்பத்திலிருந்து என் வண்டியே திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். அதில் கண்ணாடி போட்ட ஒரு இளைஞர். திருப்பத்தில் வண்டி நின்றுவிட்டதாம். சோக்கை எந்தப் பக்கம் இழுப்பது என்று மீசைக்காரர் தடுமாறியபோது எதிரே வந்த ஸ்கூட்டர்க்காரர் என் பெயரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார்.

"சார், இவருதான் ஏழுமலை" என்றார் மீசைக்காரர். "நானே சாட்சி. இவரு வூட்லதான் இப்ப சாப்புட்டேன். கோழி பிரமாதம். பொஞ்சாதி இருக்கு, வூடு பாதி நிக்குது, எல்லாம் கண்ணால பாத்துட்டேன்." பிறகு என்னிடம், "தம்பி, அந்த சோக்க இன்னொரு தபா சொல்லு" என்றார். சொன்னேன். வண்டியோடு போய்விட்டார்.

நிஜ ஆபீசர் என் தார்ப்பாய்க்குக் கீழே வந்து உட்கார்ந்து, மீதியிருந்த குழம்பைச் சாப்பிட்டார். "நான் விசாரிக்கப் போற எடத்துலல்லாம் வண்டி தூக்க வர்றாங்கன்னா ஆளுங்க பின்வாசல் வழியா ஓடுவாங்க. வந்தவருக்குச் சோறு போட்டு, சாவியும் குடுத்து, ஸ்டார்ட் பண்ணவும் கத்துக் குடுத்த ஆள இன்னைக்குதான் பாக்கறேன். நீங்க எங்கயும் ஓடமாட்டீங்கன்னு எழுதிக்கவா?" என்று கேட்டார்.

"அவரு எப்பவும் ஓடிக்கினேதான் இருப்பாரு சார். ஆனா வூட்டுக்கு வந்துடுவாரு. அப்படி எழுதிக்கோங்க" என்றாள் செல்வி.

ஒரு நிபந்தனை வைத்தார்கள். வண்டிக்குக் கடன் கொடுத்தவர்களிடமிருந்து, கணக்கு முடிந்ததாகக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை மீசைக்காரரே வாங்கிக் கொடுத்தார். (அதற்கும் ஒரு கோழி போனது.) முதல் மழைக்கு நான்கு நாள் முன்பு தளம் போட்டோம். மழை கொட்டிய அன்று செல்வி ஒவ்வொரு மூலையிலும் போய் நின்று, தலையில் சொட்டு விழுகிறதா என்று பார்த்தாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. தை மாதம் அந்தத் தளத்துக்குக் கீழே மகள் பிறந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். யார் வந்தாலும் முதல் கேள்வி "எந்த ஆபீஸ்?" அதற்குப் பிறகுதான் தண்ணீர். என் சொந்த அண்ணனுக்கே ஒரு தடவை பதில் சொல்லிவிட்டுத்தான் சோறு கிடைத்தது.

போன மாதம் பெங்களூர் வேலை முடிந்து நாற்பது நாள் கழித்து வந்தேன். ஐந்து வயது மகள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த ஆபீஸ்?"

"உங்கப்பன்டி."

"அதெல்லாம் அப்புறம். குடுக்க வந்தீங்களா, எடுத்துக்கினு போக வந்தீங்களா?"

"குடுக்கத்தான்மா" என்று மிட்டாய்ப் பையைக் காட்டினேன். பையைத் திறந்து பார்த்துவிட்டு, தன் நோட்டையும் பென்சிலையும் எடுத்து வந்து, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினாள்.

உள்ளேயிருந்து செல்வியின் குரல் வந்தது. "ஏய், ஒரு எடம் காட்டினா போதும்டி. உங்கப்பா பழக்கதோசத்துல மூணு எடத்துல போட்ருவாரு!"