சந்தை பார்த்த பிரசவம்

டன்லப் ஸ்திரீட், சிங்கப்பூர்
12-12-1958

மதிப்பிற்குரிய ஈப்போ சம்பந்தி தனசேகரன் அவர்களுக்குத் தங்கராஜு வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமென நம்புகிறேன். தங்கள் மருமகள் லீலாவுக்குச் செவ்வாய்க்கிழமை காலை பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். நடந்ததைப் பிறர் சொல்லித் தாங்கள் அறியுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மாடியறையில் வாடகைக்கு இருக்கும் அம்பிகைபாகன், யாழ்ப்பாணத்துக்காரர், கப்பல் கம்பெனிக் கிளார்க், இங்கிலீஷ் புத்தகமாகப் படிப்பவர். "தங்கராசண்ணை, அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேணும். போட்டி இருந்தால் எல்லாம் தன்பாட்டிலை நடக்கும், விளங்குதோ?" என்பார் தினமும். விளங்கியதென்றே நினைத்தேன். ஆகவே மிஸ்ஸி என்று இங்கே சொல்லும் அரசாங்க மருத்துவச்சியிடம் லீலாவின் பெயரைப் பதியவிடாமல் தடுத்து, பூவம்மா, ரபியா என்று இரண்டு தனி மருத்துவச்சிகளுக்குச் சொல்லி வைத்தேன், ஒருத்தி வருவது மற்றவளுக்குத் தெரிந்தால்தானே சுறுசுறுப்பு வரும் என்று அதையும் சொல்லி வைத்தேன், செவ்வாய் விடியும்போது பேய்மழை, தெருவுல முழங்கால் தண்ணி, லீலாவுக்கு வலி எடுத்துருச்சு, ஓடிப் போய்க் கேட்டா பூவம்மா "அதான் ரபியா வர்றாளே"ங்கிறா, ரபியா "பூவம்மா இருக்கிறப்ப நான் எதுக்கு?"ங்கிறா, திரும்பி வந்து மாடிக்கு ஓடி, "ஐயா, போட்டி இருக்கு, ஆளைத்தான் காணோம்"னேன், "பொறுங்கோ, விலையைக் கூட்டினால் வருவினம்"ங்கிறார், கீழே புள்ள துடிக்கிறா, எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை, என் சம்சாரம் ரத்தினம்மா "ரெண்டு பேரும் வாயை மூடுங்க, போய் கவர்மெண்ட் மிஸ்ஸியைக் கூட்டிட்டு வாங்க!"ன்னு போட்டா ஒரு சத்தம். தண்ணியில ரெண்டு தடவை விழுந்து போய்ச் சேர்ந்தேன். பேரு பதியலைன்னு திட்டிக்கிட்டே அந்த அம்மா பையைத் தலையில வச்சுக்கிட்டு வந்தாங்க. ஒரு மணி நேரத்துல குழந்தை அழுதுச்சு. நானும் அழுதேன். அம்பிகைபாகன் மட்டும் "பாத்தியளோ, அரசாங்கம் எவ்வளவு பிந்தி வந்தது?"ங்கிறார்.

மூணு நாளா யோசிக்கிறேன் சம்பந்தி, அரசாங்கம் வேணுமா, வேணாமா? வேணாம்னா ரத்தினம்மா சோறு போட மாட்டேங்கிறா. வேணும்னா மாடியிலேர்ந்து ஒரு புத்தகம் இறங்கி வருது.

பேத்தியைப் பார்க்கத் தாங்கள் குடும்பத்தோடு வர வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். பெருமாள் எல்லாரையும் நல்லபடி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கராஜு

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் அம்பிகைபாகன் லட்டோடு வந்தார். அவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டதாம், பென்ஷனும் உண்டாம். அரசாங்கம் இல்லாவிட்டால் ஊர் ஒருநாள் தாங்காது என்று அரைமணி நேரம் விளக்கினார். ஆகவே மேலே எழுதியதில் குழந்தை பிறந்தது மட்டும் நிச்சயம். மற்றதைத் தாங்கள் நம்ப வேண்டாம்.