நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிய ஜெர்சி

தன்னைத் தானே டிசைனர் என்று சொல்லிக்கொள்கிறவனைக் கண்டால், முதல் வேலையாக அவன் கையில் இருக்கும் பிரஷைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். எழுபதுகளின் கடைசியில் மலாய் நாட்டுக் குருண் பட்டணத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்படி ஒருவன் இருந்தான். யாரும் பிடுங்கவில்லை. (பிடுங்கியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.) அவன் நான்தான்.

தோள்வரை முடி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலைக் கூட்டிப் பெருக்கும் அளவுக்குப் பெல்பாட்டம், எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடி அளவு எடுக்கிற அலட்டல். சுங்கை பட்டாணியில் ஒரு சைன்போர்டு கடையில் கொஞ்ச காலம் வேலை செய்திருந்தேன். வேலை என்றால், முதலாளி கோடு போட்டுக் கொடுத்த எழுத்துக்குள் வெளியே வழியாமல் பெயின்ட் நிரப்புவது. அதிலும் வழிந்துகொண்டுதான் இருந்தது. 'உன் திறமைக்கு இந்த இடம் போதாது' என்று முதலாளி ஒருநாள் சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கடைக்கு எதிரே விளையாட்டுச் சாமான் கடை ஒன்று இருந்தது. அங்கே புரட்டிய ஓர் ஆங்கிலப் பத்திரிகைதான் என்னைக் கெடுத்தது. சீமையில் ஏதோ ஒரு கால்பந்தாட்டம். திடலில் ஆடுகிறவன் போட்டிருக்கும் அதே சட்டையை, வெளியே நின்று கத்துகிறவனும் போட்டிருக்கிறான். ஆடாதவனும் ஜெர்சி வாங்குகிறான்! எனக்குப் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் ஆடத் தெரியாதவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. எங்கள் தோட்டத்துப் பந்துக் குழுவிலேயே பாதிப் பேர் அந்த ரகம்தான்.

அதுவரை எங்கள் குழுவின் சீருடை, அவரவர் வீட்டு வெள்ளை பனியனில் நீல மையால் எழுதிய எண். வியர்த்தால் எண் முதுகெல்லாம் பரவி, எல்லோரும் ஒரே எண்ணாகிவிடுவார்கள். சிடாம் கிரி பக்கத்துத் தோட்டத்தோடு இறுதியாட்டம் என்று முடிவானதும், குழுவுக்கும் பார்க்க வருகிறவர்களுக்கும் ஜெர்சி செய்து விற்கிறேன் என்று, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் அறிவித்தேன்.

இது வெறும் வியாபாரமாக இருந்திருந்தால் மானம் மட்டும்தான் போயிருக்கும். ரோஸ்லினும் இதில் சிக்கியிருந்தாள்.

ரோஸ்லின் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஞானப்பிரகாசத்தின் மகள். எங்களுக்குள் பேச்சு இருந்தது. அது லயத்துக்கே தெரிந்தும் இருந்தது. டிரெசருக்கும் எங்கள் அப்பாவுக்கும்தான் பேச்சு இல்லை. அப்பா மண்டோர், வெட்டுக்காரர்களை மேய்க்கும் கங்காணி. ஒரு காலையில் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரை, டிரெசர் வயிற்றை அமுக்கிப் பார்க்காமல் கள்ளு வாடைக்கு வாயை முகர்ந்து பார்த்து, 'நடிக்கிறார்' என்று வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டார். அதோடு இருவரும் முகம் பார்ப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் மாதா கோயில், நாங்கள் மாரியம்மன் கோயில் என்பதெல்லாம் இதற்கு அடுத்த பிரச்சினை.

ரோஸ்லின் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அப்பா ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. ஃபைனலுக்கு வர்றாராம், உங்க ஜெர்சியப் போட்டுக்கிட்டே வர்றாராம். ஆளுக்கு ஏதாச்சும் தொழில் வருதான்னு பாக்கணுமாம். சரியா வந்தா பேசுவாரு. இல்லன்னா தைப்பிங் மாமா பையன்தான். அவரு கவர்மென்ட்டுல கிராணி, தெரியும்ல?"

தெரியும். அந்தக் குமாஸ்தாக் கிராணியை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவேளை அவன்தான் நல்ல மாப்பிள்ளையாக இருந்திருப்பான்.

மஞ்சள் துணி, நெஞ்சு முழுக்க சிவப்பில் சிறகு விரித்த இருவாச்சிப் பறவை. அதுதான் என் டிசைன். குழுத் தலைவன் சூசை, ரோஸ்லினின் அண்ணன், சட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னாடா மச்சான், வாத்து?"

"வாத்து இல்லடா. இருவாச்சி."

"இருவாச்சிக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய வயிறு?"

கலை புரியாதவர்களிடம் விவாதிப்பதில்லை என்பது அப்போது என் கொள்கை. என் கவலையெல்லாம் சாயத்தில் இருந்தது. சைன்போர்டு பெயின்ட்டை அடித்துப் பார்த்தேன். காய்ந்ததும் சட்டை, ஆள் இல்லாமலேயே நின்றது. மடக்கினால் பறவை துண்டு துண்டாக உதிர்ந்தது. துணிக்கென்றே விற்கும் சாயம் பினாங்கில் கிடைக்குமாம்; என் பறவையின் வயிற்றுக்கே ஒரு டின் போய்விடும் போலிருந்தது. அப்போதுதான் அந்த மகத்தான யோசனை உதித்தது. எது இழுத்தாலும் வெடிக்காது? ரப்பர்! எது நம்மிடம் பீப்பாய் பீப்பாயாக இருக்கிறது? ரப்பர் பால்! வெள்ளைக்காரன் நம் பாலை வாங்கி டயர் செய்யலாம், நான் அதில் ஜெர்சி செய்யக்கூடாதா?

உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றிய பாலை, பால் சேர்க்கும் ஸ்டோரிலிருந்து ஒரு வாளி கேட்டு வாங்கி, சிவப்புச் சாயத்தூளைக் கலக்கி, அட்டையில் வெட்டிய அச்சை நெஞ்சில் வைத்துப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். முதுகில் எண்ணும் அதே பால்தான். காய்ந்ததும் பளபளவென்று மின்னியது. இழுத்தால் பறவை சிறகை விரித்தது, விட்டால் மடக்கியது. தோட்டமே கூடி நின்று கைதட்டியது.

இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் வருகிறது. நான் முட்டாள், சரி. ஆனால் அங்கே நின்றது யார்? விடிந்தால் மரத்தடியில் நிற்கிற ஜனம். முழங்கையில் காய்ந்த பாலை முடியோடு சேர்த்துப் பிய்த்து எடுத்து 'ஸ்ஸ்' என்று தேய்த்துக்கொள்கிற ஜனம். காய்ந்த ரப்பரும் காய்ந்த ரப்பரும் தொட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது எங்களுக்குத்தான். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. எங்கள் அப்பாவோ, "நம்ம பாலு, நம்ம நெஞ்சுல! இதுக்கு மேல என்னாடா வேணும்?" என்று கண் கலங்கினார். (கலங்கியது பாசத்தாலா அம்மோனியாவாலா என்று சொல்வதற்கில்லை.)

மடித்து வைத்த முதல் சட்டை தன்னோடு தானே ஒட்டிக்கொண்டதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தேன். தங்கையின் முகப்பவுடர் டின்னை எடுத்து ஒவ்வொரு பறவை மேலும் தாராளமாகத் தூவினேன். ஒட்டல் நின்றது. ஜெர்சிகள் விற்றுத் தீர்ந்தன. துவைக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.

ஆட்டம் குருண் பட்டணத்துத் திடலில். தஞ்சோங் டாவாயிலிருந்து கருவாடு ஏற்றிவரும் லாரியில்தான் போனோம். அதனால் என் சட்டைகளின் வாடையை யாரும் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. டிரெசர் சொன்னபடியே வந்தார். நான் எல்லோருக்கும் ஒரே அளவுதான் தைக்கக் கொடுத்திருந்தேன். அவரோ இரண்டு பேர் அளவு. சட்டைக்குள் நுழைந்திருந்தாரே தவிர, மூச்சு விடுவதாகத் தெரியவில்லை. இருவாச்சி அவர் தொந்தி மேல் ஏறி உண்மையிலேயே வாத்தாக உட்கார்ந்திருந்தது. ரோஸ்லின் ஜெர்சி போடவில்லை. (அவளுக்கு அப்போதே விவரம் உண்டு.)

எதிர்க்குழுவின் ஆதரவாளர்கள் முதல் நிமிடத்திலிருந்தே "குவாக், குவாக்" என்று கத்தினார்கள். நான் கேட்காதவன் போல் நின்றேன். முதல் பாதியில் ஒரு தூறல் போட்டது. பவுடர் கரைந்து எல்லோர் வயிற்றிலும் வெள்ளை வெள்ளையாக வழிந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். 'மழையில் சிவப்பு எப்படி எடுப்பாக இருக்கிறது' என்று ரசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாதியில் வெயில் சுள்ளென்று அடித்து எல்லாவற்றையும் காய வைத்தது.

அந்த நேரம் பார்த்து சூசை தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். பந்து தூக்கிக் கொடுத்த முத்து ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தான். கட்டிப்பிடித்தவன் விடவில்லை. என்ன ஒற்றுமை, என்ன பாசம் என்று நான் நெகிழ்ந்துபோனேன். நடுவர் ஒரு மலாய்ப் பள்ளி ஆசிரியர். "சுடா லா! மாயின், மாயின்!" என்று, போதும் ஆடுங்கள் என்று விசில் ஊதினார். இருவரும் முகத்தோடு முகம் பார்த்தபடி நண்டு போலப் பக்கவாட்டில் நடந்து எங்கள் பாதிக்கு வந்தார்கள். பந்தை நடுவில் வைத்ததும் எதிர்க்குழு அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாவகாசமாகக் கோல் போட்டது. குழுவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மாற்றுச் சட்டைகளை எடுக்க, தூறலில் நனைந்த மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே சட்டைகள் இல்லை. ஸ்டோரில் உருட்டி எடுத்த ரப்பர் ஷீட் மாதிரி ஒரே பாளம் இருந்தது. அப்புறம் எத்தனை கோல் வாங்கினோம் என்று நான் பார்க்கவில்லை. என் கவனம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

கோல் விழுந்த மகிழ்ச்சியில் கரையில் நின்றவர்களும் கட்டிப்பிடித்திருந்தார்கள். ஜோடி ஜோடியாகத் தோட்டமே தத்தளித்துக்கொண்டிருந்தது. அதன் நடுவே எங்கள் அப்பா. பக்கத்தில் இருப்பது யார் என்று பார்க்காமல் பாய்ந்து கட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் டிரெசர்.

"யோவ் மண்டோரே, வுடுய்யா!"

"நான் எங்கய்யா புடிச்சேன்? சட்டைதான்யா புடிச்சிருக்கு!"

"கள்ளு நாத்தம் கொடலப் பொரட்டுதுய்யா!"

"அன்னிக்கு நடிக்கிறேன்னு சொன்னீல்ல? இப்ப நல்லா மோந்து பாரு."

நான் ஓடிப்போய் இரண்டு சட்டைகளையும் ஒன்றாகப் பிடித்து மேலே உருவினேன். (இதுவும் என் யோசனைதான்.) டிரெசரின் சட்டை கழுத்தோடு நின்றுவிட்டது. இப்போது இரண்டு தலைகளும் ஒரே கூடாரத்துக்குள் மாட்டிக்கொண்டன. வெளியே நான்கு கைகளும் இரண்டு தொந்திகளும் மட்டும் ஆடின. ரோஸ்லின் வந்து நின்றாள். "சந்திரன், எங்கப்பாவ என்னா செஞ்சீங்க?" என்றாள். தைப்பிங் கிராணி என் கண்ணெதிரே மாலையோடு நின்றான். இனி எதுவும் மிச்சமில்லை என்று எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

கூடாரத்துக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"டிரெசரே, எம்மவன் ஒரு முட்டாப்பய. ஒத்துக்கறேன். ஆனா ஒம்பொண்ணத்தான் கட்டுவேங்கறான். சரின்னு ஒரு வார்த்த சொல்லு. நான் குனியறேன், ஒன் தல வெளிய வந்துரும்."

"செத்தாலும் முடியாது."

"அப்பிடியா?" அப்பா நிதானமாக, நீளமாக, "ஹா...." என்று மூச்சை விட்டார்.

கைகள் நான்கில் இரண்டு பதறின. "ஐயோ மாதாவே! சரிய்யா! சரின்னுட்டேன்ல! குனி, குனிய்யா!"

அப்பா குனிந்தார். டிரெசர் வெற்று மார்போடு வெளியே வந்து, திடல் ஓரம் வரை போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து, என்னைக் காட்டி ஒரே நிபந்தனை போட்டார். "இந்தப் பய இனிமே ஆயுசுக்கும் ஒரு பொருளும் விக்கக்கூடாது. ஒரு கோடும் கிழிக்கக்கூடாது. நாளைக்கே குருண் ஃபேக்டரில போய் நிக்கணும்." மறுநாளே போய் நின்றேன். ஓய்வு பெறும் வரை நின்றேன். விற்ற சட்டைகள் லயத்தில் அடுப்புப் பற்றவைக்கப் போயின. நன்றாக எரிந்தன, அதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

கல்யாணம் இரண்டு கோயிலிலும் நடந்தது. போட்டோக்காரர் சம்பந்திகளைக் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னபோது, இருவரும் ஒரே நேரத்தில் ஓர் அடி தள்ளி நின்றார்கள். மூச்சு முட்ட வாங்கிய சம்மதம் செல்லாது என்று மாமனார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ரோஸ்லினும் சண்டை வந்தால் அதையேதான் சொல்கிறாள். "எங்கப்பா யோசிச்சு ஒண்ணும் குடுக்கல, மூச்சு விட முடியாமத்தான் குடுத்தாரு."

இன்றைக்கும் வீட்டில் எதற்காவது, 'எனக்கு ஒண்ணு தோணுது' என்று நான் வாயைத் திறந்தால் போதும். பேரப்பிள்ளைகள் எழுந்து நாற்காலிகளை இழுத்துப் போடுகிறார்கள்.

"தாத்தாவுக்கு ஐடியா வந்துடுச்சி லா! எல்லாரும் தள்ளித் தள்ளி உக்காருங்க!"