பெருமாளை நொண்ட வைத்த குதிகால்

குதிகால் வலி மாதிரி மானத்தை வாங்குகிற வியாதி வேறு கிடையாது. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார்கள். குதிகால் வலிக்காரனையோ, "எங்கே, கொஞ்சம் நடந்து காட்டு" என்கிறார்கள். (காட்டினால் சிரிக்கிறார்கள்!)

எனக்கு அது வந்தது கல்யாணமான புதிதில், பிரம்மோற்சவ சமயத்தில். வீதி உலாவில் பெருமாளைத் தோளில் சுமக்கிற குடும்பம் எங்களுடையது. பல்லக்கின் முன் தண்டில் என் இடம். பின் தண்டில் பெரியப்பா மகன் சாரங்கன். என் இடத்தின் மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண். வலி என்று வாயைத் திறந்தால் போச்சு, முன் தண்டு அவனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு தோள் கொடுத்தேன்.

அந்தச் சனியன் பிடித்த வலி, நடக்க நடக்க மறைந்துவிடும். நின்றுவிட்டுக் கிளம்பினால்தான் உயிர் போகும். பெருமாளோ மண்டகப்படிக்கு மண்டகப்படி நிற்கிறவர். ஒவ்வொரு வாசலிலும் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிக் கிளம்பும்போதெல்லாம் கீழே நான் நொண்ட, மேலே பெருமாளும் நொண்டினார்.

"இன்னாபா, புது நடையா இருக்குது?" என்றான் குடை பிடித்தவன்.

"பின்னால இருக்கறவன் சரியா தூக்கல" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

"டேய், நொண்டிக்கினு போறது நீதான்டா!" என்று கத்தினான் சாரங்கன்.

அடுத்தது ஜவுளிக்கடை முதலியார் வாசல். அங்கேயும் பலமாக ஒரு நொண்டல். தொலைந்தேன் என்று நினைத்தேன். மனிதர் கண்ணீர் வழியக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களாப்பா! நம்ம வாசலை விட்டுப் போக பெருமாளுக்கு மனசே வரல!"

உற்சவம் முடிந்ததும் வைத்தியரிடம் ஓடினேன். (ஓடினேனா? தவழ்ந்தேன்.) "வெறுங்காலோட கருங்கல்லுல நாள் பூரா நின்னா வேற இன்னா வரும்?" என்று திட்டினார். சூடாக்கிய செங்கல் மேல் எருக்கிலை போட்டு ஒத்தடம். காலையில் பாயிலேயே பாதத்தை நீட்டி மடக்கிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். எரிச்சலோடுதான் செய்தேன். ஆனால் அடுத்த உற்சவத்துக்குள் வலி போயே போச்சு.

அந்த வருஷம் ஜம்மென்று நடந்தேன். முதலியார் முகம் சுண்டிப்போனது. மறுநாளே கோயில் மணியக்காரரிடம் போய், "எங்க வீட்ல இன்னா குத்தம்? பெருமாள் திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டாரே!" என்று அழுதிருக்கிறார்.

மணியக்காரர் என்னைக் கூப்பிட்டார். சாரங்கன் முன்பே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்திருந்தான்.

"அந்த வாசல்ல மட்டும் நொண்டிடு."

"கால் சரியாயிடுச்சுங்க!"

"அப்போ சாரங்கன் நொண்டுவான்."

நொண்டினேன். வருஷா வருஷம் நொண்டினேன். முதலியார் காலமாகி அவர் பிள்ளை தலையெடுத்த பிறகும், எந்தக் கேடும் இல்லாத காலை வைத்துக்கொண்டு நொண்டுகிறேன்.

போன மாதம் கொல்லைப்படியில் கணுக்கால் நிஜமாகவே பிசகிவிட்டது. இட்லிப் பானை மாதிரி வீக்கம். "ஐயோ" என்று அலறினேன். என் மனைவி அடுப்படியை விட்டு நகரவில்லை.

"சும்மா வாங்க, இது இன்னா முதலியார் வாசலா?"