பஞ்சநாதன் வாசலுக்கு வந்த வெள்ளை விளக்கு

மீன் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே குஞ்சம்மாள்தான் அந்தச் சேதியைச் சொன்னாள். மண்டபத்தூருக்குச் சோதனைக்காக ஒரே ஒரு எல்.இ.டி. தெருவிளக்கு வந்திருக்கிறதாம்.

"சுப்ராயன் வீட்டு வாசல்ல மாட்டிக்கட்டுங்க. நமக்கு இந்த மஞ்ச லைட்டே போதும்."

அவள் போதும் என்றால் பஞ்சநாதனுக்குப் போதாது. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். அவள் ரசம் என்றால் இவன் மோர். இதில் எதிர்வீட்டுச் சுப்ராயன் பேர் வேறு வந்துவிட்டது. கேட்க வேண்டுமா? ஸ்பானரைத் தூக்கி எறிந்தான். போட் இன்ஜின் மெக்கானிக் அவன். எறிவதற்கு எப்போதும் கையில் ஏதாவது இருக்கும்.

"இது ஒரு லைட்டாடி? சோடியம் லைட்டு. ஸ்விட்ச் போட்டா சோம்பல் முறிச்சு எழுந்திரிக்கவே அஞ்சு நிமிஷம். கரண்டு போயிட்டு வந்தா, சூடு ஆறினாத்தான் மறுபடி எரிவேன்னு முறுக்கிக்குது. எல்.இ.டி. போட்ட உடனே பகலு மாதிரி எரியும். இது குடிக்கிற கரண்டுல பாதிகூட..."

குடிக்கிற என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். காரணம் இருந்தது. தை மாதம் திருநள்ளாற்றில், நளன் குளத்தில் முழுக்குப் போட்டு, ஈரத்துணியை அங்கேயே விட்டுவிட்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் அவன். மறுபடி குடித்தால் என் குழம்புச் சட்டிப் பக்கமே வரக்கூடாது என்று அவளும் அங்கேயே சொல்லிவிட்டாள். குஞ்சம்மாள் வைக்கிற மீன் குழம்புக்காகத்தான் அந்த மனுஷன் உயிரோடு இருந்தான்.

சத்தியம் பங்குனியிலேயே போய்விட்டது. வேலை முடிந்ததும் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவான். திரும்பும்போது கொய்யா இலையை மென்றுகொண்டு வருவான். உள்ளே ஒரே புழுக்கம் என்று வாசலில், தெருவிளக்கின் கீழ் கட்டிலைப் போட்டு அங்கேயே சாப்பிட்டு அங்கேயே படுத்துவிடுவான். கடல் காற்று வாசத்தை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது அவன் கணக்கு. நாள் முழுக்க மீனோடு கிடக்கிற மூக்குக்கு என்ன தெரியப்போகிறது என்று தெம்பாக வேறு இருந்தான்.

மறுநாள் தெருவிளக்கு ஆபீசுக்குப் போய்க் கூச்சல் போட்டான். குமாஸ்தா முத்தையன் முடியாது என்றார். கூச்சல் கூடியது. மறுபடியும் முடியாது என்றார். பஞ்சநாதன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். முத்தையன் பெருமூச்சு விட்டு, சரி, உங்க வாசலுக்கே என்றார்.

விளக்கு வந்தது. சுப்ராயன் தோற்றான், பொண்டாட்டியும் தோற்றாள் என்ற சந்தோஷத்தில் அன்றைக்கு வழக்கத்தை விட ஒரு ரவுண்டு அதிகமாகவே போட்டுக்கொண்டு, அந்தி சாயும் நேரத்தில் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். தலைக்கு மேலே பட்டென்று பகலாகிவிட்டது.

"பாத்தியாடி வெளிச்சத்தை?"

"பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

ஒரு கையில் சோற்றுத் தட்டு. கொடுவா மீன் குழம்பு. இன்னொரு கையால் அவன் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். ஏலத்தில் மீனைத் திருப்பிப் பார்க்கிற அதே கைதான்.

"மஞ்ச லைட்டுல செவுள் செவப்பா கருப்பான்னு தெரியாதுங்க. அதான் நான் பொழுது சாஞ்சா அந்த வெளிச்சத்துல மீன் வாங்கறதில்ல. உங்க கண்ணும் அப்படித்தான் இத்தனை நாளா ஏமாத்திக்கிட்டு இருந்துச்சு. கண்ணு செவந்துட்டா அந்த மீன் ஆகாதுங்க."

தட்டு உள்ளே போனது. கதவும் சாத்திக்கொண்டது. எதிர்வீட்டு வாசலில், மஞ்சள் வெளிச்சத்தில், சுப்ராயன் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் கண் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியவில்லை. பஞ்சநாதனுக்கு வயிறு எரிந்தது.

விடிந்ததும் பட்டினி வயிற்றோடு, இருக்கிற கோபத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினான். வெள்ளை லைட்டு கண்ணைக் கூசுது, பழைய லைட்டையே மாட்டுங்க என்று மேசையைத் தட்டினான்.

முத்தையன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அது மட்டும் முடியாதுங்க. மொதல்ல புது லைட்டு கேட்டுச் சத்தம் போடுவாரு, ரெண்டு தடவ இல்லேன்னுட்டுக் குடுங்க. அப்புறம் பழசைக் கேட்டு வருவாரு, அப்பக் குடுக்காதீங்கன்னு உங்க வீட்டம்மா போன வாரமே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க."