பாக்குவெட்டி காட்டிய வடக்கு

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவன் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. எனக்கு அந்த வியாதி காம்பஸால் வந்தது.

அப்போது தங்க வயல் சுரங்கக் கம்பெனியில் சர்வே வேலை. மலைமேல் கேமராவை வைத்து ஊரைப் படம் பிடித்து, அந்தப் படங்களைக் கொண்டே மேப்பு வரையும் புது முறையை எங்கள் வெள்ளைக்காரத் துரை கொண்டுவந்திருந்தார். அதற்குக் கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்று தெரிய வேண்டும். காம்பஸைப் பார்த்து எழுதினால் போதும் என்பது என் கட்சி. படத்தில் தெரியும் சுரங்கப் புகைபோக்கிச் சிமினிகளை, ஏற்கெனவே அளந்து வைத்த சிமினிகளோடு பொருத்தித்தான் திசையைப் பிடிக்க வேண்டும் என்பது மச்சான் முனிசாமியின் கட்சி. (என் மனைவி அஞ்சலையின் அண்ணன். அதே ஆபீஸ் வேறு.) ஒரே படங்களை வைத்து ஆளுக்கொரு மேப்பு வரையச் சொன்னார் துரை. ஜெயிப்பவருக்குக் கம்பெனி வீடு.

அந்த வீட்டின் மேல் எனக்கு உயிர். நானும் அஞ்சலையும் மச்சானின் மூங்கில் தட்டி வீட்டில், ஒரு புடவைத் திரைக்கு இந்தப் பக்கம் குடித்தனம். நாங்கள் கிசுகிசுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து மச்சான் பதில் சொல்வார்.

படம் பிடிக்கப் புறப்பட்ட அன்று, அஞ்சலை என் இடுப்பில் பாக்குவெட்டியைச் செருகினாள்.

"புது மாப்பிள்ள, உச்சி வெயில்ல மல ஏறுறீங்க. காத்து கருப்பு அண்டாம இரும்பு இருக்கட்டும்."

மலையில் காம்பஸ் மேல் குனிந்து குனிந்து திசை எழுதினேன்.

மேப்புகளை விரித்ததும் துரை கேட்டார். "என் பங்களா எங்கே?"

தொட்டுக் காட்டினேன். ஏரிக்கு நடுவில் இருந்தது. மச்சானின் மேப்பில் அது ஒழுங்காகக் கரையில் இருந்தது.

"நான் தினமும் நீந்தியா போகிறேன்?"

"காம்பஸ் பொய் சொல்லாதுங்க" என்று வீராப்பாக மேசைமேல் இருந்த காம்பஸ் பக்கம் குனிந்தேன். முள் சாவகாசமாகத் திரும்பி என் தொப்புளைப் பார்த்தது. நிமிர்ந்தேன், விலகியது. குனிந்தேன், வந்தது.

"மாப்ள, இடுப்புல இன்னா வச்சிருக்கீங்க?" என்றார் மச்சான் மெதுவாக.

பாக்குவெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். (துரை முன்னால் நிற்கப் போகிறேன் என்று அன்றும் அஞ்சலை செருகியிருந்தாள்.) துரை சிரித்த சிரிப்பு ஆபீஸ் முழுக்கக் கேட்டது. அஞ்சலையிடம் எந்த முகத்தோடு சொல்வது என்றே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மச்சான் மூட்டை கட்டினார். போகும்போது அந்தப் புடவைத் திரையை அவிழ்த்து மடித்துத் தங்கை கையில் கொடுத்தார்.

"எனக்குக் கம்பெனி வூடு வந்துடுச்சி. இனிமே இது உங்க வூடு மாப்ள. சத்தமாவே பேசுங்க."

நான் அழுதேன். அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள். பாக்குவெட்டியை வாசற்படிக்கு மேலே மாட்டினாள், இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

இப்போதும் யாராவது எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் அவள் என்னை வாய் திறக்க விடுவதில்லை.

"அவரக் கேக்காதீங்க, ஏரில எறக்கி வுட்டுடுவாரு. சிமினியப் பாத்து வாங்க."